இசைத் தந்தி கண்ட எலிஷா கிரே

நம் சங்கத்தில் இசை நிகழ்ச்சி நடைபெறும் நாள்களில், பாடகர் மேடைமீது வந்து அமர்ந்ததும் முதலில் ஒலிப்பது அவருடைய குரலன்று. அவர் அருகே வைக்கப்பெற்றிருக்கும் சுருதிப் பெட்டியே. திருகு ஒன்றைத் திருப்பிய அளவில் அது சுருதியைத் தொடங்கிவிடுகிறது. அங்கே தந்தியை மீட்டும் விரலும் இல்லை. துருத்தியை அழுத்தும் கையும் இல்லை. மின்சாரமே நாதமாகி நம் செவிக்கு வருகிறது. இந்தப் பெட்டியின் முன்னோரைத் தேடிச் சென்றால், ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நாட்டில் தந்திக் கருவிகளோடு வாழ்நாளைக் கழித்த ஒரு மனிதரிடம் போய்ச் சேருவோம். அவரே எலிஷா கிரே.

டெலிபோனைக் கண்டவர் கிரகாம் பெல் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அவரோடு போட்டியிட்டு, ஒரே நாளில் விண்ணப்பித்தும் தோற்றுப்போனவர் என்ற அளவில் கிரேயின் பெயரைச் சிலர் கேட்டிருக்கலாம். உலகம் அவரை நினைவிற் கொண்டிருப்பது அந்தத் தோல்விக்காகவே. நான் இரயில்வேயில் எழுத்தனாகப் பணியாற்றுபவன்; வந்த தாளுக்கு எண்ணிட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது என் அன்றாடத் தொழில். பதிவேட்டில் விழுந்த ஓர் எண்ணைச் சுற்றியே ஒரு மேதையின் வாழ்வு பேசப்படுவதைக் கண்டபோது, அவர் வரலாற்றை முழுவதும் அறிய விழைந்தேன். அறிந்தபின் அவர் தோற்றவர்தாமா என்ற ஐயம் பிறந்தது. அந்த ஐயத்தையே இங்கு அன்பர்கள்முன் வைக்கிறேன்.

இளமையும் கல்வியும்

எலிஷா கிரே, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த பார்ன்ஸ்வில் என்னும் ஊரில், 1835-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர். உழவுத் தொழிலை மேற்கொண்டவர்கள். கிரே சிறுவராக இருக்கும்போதே தந்தையார் காலமானார். பள்ளியை விட்டு வேலைக்குச் செல்ல வேண்டிய நிலை வந்தது. முதலில் கொல்லுலையில் தொழில் பழகினார். சம்மட்டி பிடிக்கும் வலிமை அவருடைய உடலுக்கு இல்லை. பிறகு தச்சுத் தொழிலும் படகு கட்டும் தொழிலும் கற்றார்.

வறுமை படிப்பைத் தடுத்ததேயன்றி, படிக்கும் ஆவலைத் தடுக்கவில்லை. தம் 22-ஆம் வயதில், சிறுவர்கள் கற்க வேண்டியவற்றையும் கற்கத் துணிந்து, ஓபர்லின் என்னும் ஊரிலிருந்த கல்லூரியை அடைந்தார். உளியும் இழைப்புளியும் அவருக்குச் சோறிட்டன. கல்லூரிக்குத் தச்சு வேலை செய்தும், விஞ்ஞான வகுப்புக்கு வேண்டிய சோதனைக் கருவிகளைத் தம் கையாலேயே செய்துகொடுத்தும், ஐந்தாண்டுக் காலம் அங்கே பயின்றார். பட்டம் பெறவில்லை. ஆயினும் மின்சாரத்தின்மீது தீராத காதலைப் பெற்றார். பட்டத்தைவிட அதுவே பின்னாளில் பயன்பட்டது.

தந்தித் தொழிலில்

அக்காலத்தில் மின்சாரம் என்றால் தந்தி என்றே பொருள். வீட்டுக்கு மின்விளக்கு இல்லை; விசிறியும் இல்லை. இரயில் பாதைகளை ஒட்டி ஓடிய தந்திக் கம்பிகளே மின்சாரத்தின் வீதிகள். நெடுந்தூரக் கம்பியில் செல்லச் செல்ல மின்னோட்டம் தளர்ந்துபோகும். மழையும் ஈரமும் அதனை மேலும் குலைக்கும். தளர்ந்த செய்திக்குப் புத்துயிர் ஊட்டி மேலே அனுப்பும் கருவிக்கு ரிலே என்று பெயர். மின்னோட்டத்தின் ஏற்றத்தாழ்வுக்கேற்பத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் ரிலே ஒன்றைக் கிரே அமைத்து, 1867-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அதுவே அவர் பெற்ற முதல் உரிமை. வாழ்நாள் முடிவதற்குள் அவ்வெண்ணிக்கை எழுபதுக்கு மேல் உயர்ந்தது.

1869-ஆம் ஆண்டில் ஈனஸ் பார்ட்டன் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். அத்தொழில் சிக்காகோ நகருக்கு மாறி, 1872-ஆம் ஆண்டில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்னும் பெருங் கம்பெனியாயிற்று. உழவர் மகனும் தச்சருமான கிரே, அதன் ஆய்வுப் பணிக்குத் தலைவராய் நின்றார். அதனோடு மனநிறைவு கொண்டிருந்தால் வசதியாக வாழ்ந்து மறைந்திருப்பார். ஆனால் 1874-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் வீட்டில் நடந்த ஒரு சிறு விளையாட்டு, அவர் வாழ்வை வேறு வழியில் திருப்பிவிட்டது.

தொட்டியிலே பிறந்த நாதம்

கிரேயின் உறவினர் பிள்ளை ஒருவன், வீட்டிலிருந்த தூண்டுசுருள் என்னும் மின்கருவியைக் குளியலறைக்கு எடுத்துச் சென்று, உடன் இருந்த சிறுவர்களுக்கு மின்னதிர்ச்சி வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தான். கருவியின் ஒரு முனை, நீரில்லாத குளியல் தொட்டியின் துத்தநாகத் தகட்டோடு இணைக்கப்பட்டிருந்தது. மறுமுனை அவன் ஒரு கையில் இருந்தது. மற்றொரு கையால் தொட்டியைத் தேய்த்தபோது, தொட்டி ஓர் ஒலியை எழுப்பியது!

அவ்வழியே வந்த கிரே நின்றார். மற்றொருவராயின் பிள்ளையை அதட்டிவிட்டுக் கருவியைப் பிடுங்கிச் சென்றிருப்பார். கிரேயோ பிள்ளையின் இடத்தில் தாம் நின்று தொட்டியைத் தேய்த்துப் பார்த்தார். தூண்டுசுருளில் மின்னோட்டத்தை விட்டுவிட்டு அனுப்பும் சிறு நாக்கு ஒன்று அதிர்ந்துகொண்டிருக்கும். அந்நாக்கின் சுருதி எதுவோ அதே சுருதியே தொட்டியிலும் ஒலித்தது. நாக்கின் அதிர்வை மாற்றினால் தொட்டியின் ஒலியும் உடன் மாறியது. அப்படியாயின் ஓரிடத்துச் சுருதி மின்கம்பியின் வழியாக மற்றோரிடத்துக்குச் செல்கிறது அன்றோ? இக்கேள்வியே இசைத் தந்திக்கு வித்து.

மின்சாரத்துக்கும் ஒலிக்கும் உறவு உண்டு என்பதை அவருக்கு முன்னும் சிலர் அறிந்திருந்தனர். 1837-ஆம் ஆண்டில் சார்லஸ் பேஜ் என்னும் அமெரிக்கர், மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்தும்போது காந்தத்தில் ஒலி எழுவதைக் கண்டார். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், இசைக்கவைகளை மின்காந்தத்தால் அதிரச் செய்து ஒலியின் இயல்பை ஆராய்ந்தார். 1861-ஆம் ஆண்டில் பிலிப் ரைஸ், பாட்டின் சுருதியைக் கம்பியின் வழியே அனுப்பிக் காட்டினார். ஆனால் விரலால் கட்டையை அழுத்த, மின்னதிர்வே ஸ்வரமாகிப் பாட்டாக ஒலிக்கும் வாத்தியத்தை அமைத்த பெருமை கிரேயைச் சார்ந்தது.

வாத்தியத்தின் அமைப்பு

ஆர்மோனியத்தைத் திறந்து பார்த்தவர்களுக்குக் கிரேயின் வாத்தியம் எளிதில் விளங்கும். ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே ஒரு பித்தளை நாக்கு உண்டு. துருத்தியிலிருந்து வரும் காற்று அதனை அதிரச் செய்கிறது. கிரே அமைத்த பெட்டியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எஃகு நாக்கு. அதனருகே காற்றுக்கு மாற்றாக ஒரு மின்காந்தம். கட்டையை அழுத்தினால் மின்சாரம் பாயும். காந்தம் நாக்கை இழுக்கும். இழுபட்ட நாக்கு மின் இணைப்பிலிருந்து விலகும். உடனே மின்சாரம் நிற்கும், காந்தம் வலுவிழக்கும், நாக்கு பழைய இடத்துக்கு மீளும், மீண்டும் இணைப்பு உண்டாகும். இவ்வாறு ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான முறை நிகழும். நாக்கின் நீளமும் கனமும் எத்தனை முறை என்பதை வரையறுக்கும். அதுவே அந்த ஸ்வரத்தின் சுருதி.

கம்பியில் செல்வது காற்றொலியன்று. அச்சுருதிக்கு இணங்கத் துடிக்கும் மின்னோட்டமே. மறுமுனையில் உள்ள மின்காந்தம் அத்துடிப்பை மெல்லிய உலோகப் பரப்புக்கு ஏற்றி ஒலியாக்கும். அக்கருவிக்காகக் கிரே எடுத்தாண்ட பொருள்களைக் கேட்டால் வியப்பு உண்டாகும். வயலினின் உடலில் உலோகத் தகட்டைப் பொருத்திப் பார்த்தார். முகம் கழுவும் உலோக வட்டிலையும் காந்தத்தின் முன் வைத்துப் பாட வைத்தார். தச்சர் கைக்கு எப்பொருளும் கருவியாகும் போலும்!

முதலில் இரண்டு ஸ்வரம், பிறகு ஒரு ஸ்தாயி, அதன்பின் இரண்டு ஸ்தாயி என வாத்தியம் வளர்ந்தது. 1874-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள், சிக்காகோவுக்கு அருகே தாம் வாழ்ந்த ஹைலண்டு பார்க் என்னும் ஊரின் கிறித்தவத் தேவாலயத்தில், ஊரார் கூடியிருக்க அதனை இசைத்துக் காட்டினார். பலரும் அறிந்த மெட்டுகள் கம்பியின் வழியே வந்து ஒலித்தன. 1875-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள், இசை ஒலிகளை அனுப்பும் தந்தி என்ற பெயரில் காப்புரிமையும் கிடைத்தது.

ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. கிரே இதனை வாத்தியமாகக் கருதவில்லை! ஒவ்வொரு ஸ்வரமும் ஒவ்வொரு செய்தியைச் சுமந்து சென்றால், ஒரே கம்பியில் பல தந்திகளை ஒரே வேளையில் அனுப்பலாம். புதுக் கம்பி இழுக்கும் பெருஞ் செலவு தந்திக் கம்பெனிகளுக்கு மிச்சமாகும். அவருடைய நோக்கமெல்லாம் அதுவே. இசை அவருக்குச் சரக்கு ஏற்றும் வண்டியாகப்பட்டதேயன்றி, சரக்காகப்படவில்லை.

ஒரே நாளில் இரு தாள்கள்

பேச்சையும் கம்பியில் அனுப்பலாம் என்ற எண்ணம் 1875-ஆம் ஆண்டில் அவருக்கு உறுதிப்பட்டது. இரு தகரக் குவளைகளை நூலால் இணைத்துச் சிறுவர்கள் பேசி விளையாடியதைக் கண்டதே அதற்குத் தூண்டுதல். ஆக, அவருடைய இரு பெருங் கருத்துகளுக்கும் குழந்தைகளே ஆசான்களாயினர். மென்தகட்டின்கீழ் ஒரு சிறு கம்பியைத் தொங்கவிட்டு, அமிலம் கலந்த நீரில் அது தோயுமாறு வைத்தால், குரலுக்கேற்பக் கம்பி நீரில் ஏறி இறங்கும். மின்னோட்டமும் அதற்கேற்பக் கூடிக் குறையும். இம்முறையை விளக்கி, விரைவில் இதனைக் கண்டு முடிப்பேன் என்னும் முன்னறிவிப்பு ஒன்றை, 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் வாஷிங்டன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் அவர் சேர்ப்பித்தார். அதே நாளில், அதே அலுவலகத்தில், பெல்லின் வழக்கறிஞர் முழு விண்ணப்பத்தையே சேர்ப்பித்தார்.

அன்றைய வரவேட்டில் பெல்லின் கட்டணம் 5-ஆவது பதிவு; கிரேயின் கட்டணம் 39-ஆவது பதிவு. கிரேயின் தாள் முன்னதாகவே வந்து கூடையில் கிடந்தது என்றும், பெல்லின் வழக்கறிஞர் உடனே பதியுமாறு வற்புறுத்தினார் என்றும் ஒரு சாரார் கூறுவர், மறுப்பவரும் உளர். வரவேட்டில் முன்னே நிற்கும் தாள் முன்னே வந்த தாள்தான் என்று, பதிவேடு எழுதிப் பழகிய எவரும் சத்தியம் செய்யத் துணியார்.

ஆனால் எல்லாப் பழியையும் வரவேட்டின்மேல் போடுவதும் நேர்மையன்று. அந்நாட்டில் அன்றிருந்த சட்டப்படி, முதலில் விண்ணப்பித்தவர் யார் என்பதைவிட, முதலில் கண்டவர் யார் என்பதே பெரிது. இரு தாள்களும் மோதுவதாக அலுவலகம் கிரேக்குத் தெரிவித்திருந்தது. வழக்காடி நிற்க அவருக்கு வாய்ப்பு இருந்தது. அப்போது அவருக்குப் பொருளுதவி செய்து வந்தவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த சாமுவேல் வைட் என்னும் பல் மருத்துவப் பொருள் வணிகர். பேசும் கம்பி வெறும் விளையாட்டுப் பொருள், பல தந்தி அனுப்பும் கம்பியே பணம் தரும் என்பது அவ்வணிகரும் வழக்கறிஞரும் கொண்ட கருத்து. கிரேயும் அதற்கு இசைந்தார். வாய்ப்பைக் கைவிட்டார். மார்ச்சு 7-ஆம் நாள் பெல்லுக்குக் காப்புரிமை கிடைத்தது. மூன்று நாள் கழித்து, நீரில் தோயும் கம்பியைக் கொண்ட கருவி ஒன்றிலேயே பெல் முதன்முதலாகப் பேசிக் காட்டினார்.

1877-ஆம் ஆண்டில் கிரே பெல்லுக்கு ஒரு கடிதம் எழுதினார். செய்து காட்டாத ஒன்றை எழுதி வைத்ததற்காக மட்டும் கண்டவர் என்ற பெருமையைத் தாம் கோரவில்லை என்பது அதன் கருத்து. பெருந்தன்மையால் எழுதிய அக்கடிதம், பின்னர் நடந்த வழக்கில் அவருக்கு எதிரான சான்றாக வந்து நின்றது. கோப்பில் ஏறிய கடிதம் எழுதியவரின் உள்ளத்தை நோக்காது; எழுத்தையே நோக்கும்.

கம்பி வழியே கச்சேரி

அக்கடிதம் எழுதிய அதே ஆண்டில், கிரேயின் இசைத் தந்தி ஊர் ஊராகச் சென்றது. ஏப்ரல் 2-ஆம் நாள், நியூயார்க்கு நகரின் ஸ்டைன்வே மண்டபத்தில் மக்கள் கூடியிருந்தனர். வாத்தியம் இசைத்தவர் பாஸ்கோவிட்ஸ் என்னும் பியானோ வித்துவான். ஆனால் அவர் அம்மண்டபத்தில் இல்லை. ஏறக்குறைய 90 மைலுக்கு அப்பால், பிலடெல்பியா நகரில் அமர்ந்து கட்டைகளை அழுத்திக்கொண்டிருந்தார்! வித்துவான் ஓரூரில், அவையோர் வேறூரில். வானொலி தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த இவ்வற்புதத்தை, பிறந்த ஊரைவிட்டு வெகுதூரம் வந்து வாழும் நாம், நம் ஊர்க் கச்சேரியை இருந்த இடத்தில் கேட்கும்போதெல்லாம் எண்ணிப் பார்த்தல் தகும்.

பிற்கால வாழ்வு

டெலிபோனின் வருவாய் பெருகக் கண்ட பிறகே வழக்குகள் மூண்டன. கிரேயின் உரிமைகளைக் கையில் வைத்திருந்த வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பெனி, 1879-ஆம் ஆண்டு நவம்பரில் பெல் கம்பெனியோடு உடன்பாடு செய்துகொண்டு டெலிபோன் தொழிலிலிருந்து விலகியது. 1881-ஆம் ஆண்டில், கிரே தொடங்கி வளர்த்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியே பெல் கம்பெனியின் உடைமையாகி, பெல்லின் டெலிபோன்களைச் செய்துகொடுக்கும் தொழிற்சாலையாயிற்று. 1886-ஆம் ஆண்டில், கிரேயின் தாளைப் பெல்லுக்குக் காட்டியதாகக் காப்புரிமை அலுவலர் ஒருவர் பிரமாணம் செய்தார். தம் பழைய பிரமாணத்துக்கு அவரே முரண்பட்டதால் அது நிலைக்கவில்லை. 1888-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பெல்லின் பக்கமே தீர்ப்பளித்தது. நீதிபதிகளுள் நால்வர் ஒருபுறம், மூவர் மறுபுறம்.

இவற்றுக்கிடையே கிரே சோர்ந்து கிடந்தாரல்லர். 1880-ஆம் ஆண்டு முதல், தாம் தச்சு வேலை செய்து படித்த அதே ஓபர்லின் கல்லூரியில் மின்னியல் பேராசிரியர் என்னும் சிறப்பைப் பெற்றார். 1888-ஆம் ஆண்டில், ஒருவர் பேனாவால் எழுத, அவ்வெழுத்தைக் கம்பியின் வழியே பெற்று வேறோர் ஊரில் மற்றொரு பேனா எழுதும் கருவிக்கு உரிமை பெற்றார். வங்கிகளும் மருத்துவமனைகளும் இரயில் நிலையங்களும் அக்கருவியை நெடுங்காலம் பயன்படுத்தின.

இறுதி ஆண்டுகளில் அவர் மீண்டும் ஒலியிடமே வந்தார். மூடுபனியில் கப்பல்கள் பாறையில் மோதாமல் காக்க, நீருக்கடியில் மணியடித்து எச்சரிக்கும் முறையை ஆராய்ந்தார். அப்பணி நடந்துகொண்டிருக்கையிலேயே, 1901-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூட்டன்வில் என்னும் ஊரில், தம் 65-ஆம் வயதில் காலமானார். டெலிபோனின் முழு வரலாறு ஒருநாளும் எழுதப்பெறாது என்ற ஏக்கத்தை ஒரு தாளில் அவர் குறித்து வைத்திருந்தது, அவர் மறைந்தபின் தெரியவந்தது. இறுதிவரை அந்த முள் நெஞ்சில் இருந்தது போலும்.

விதைத்ததும் விளைந்ததும்

கிரே வருந்தியது இழந்த டெலிபோனுக்காக. ஆனால் அவர் கைவிட்டுச் சென்ற இசைப் பெட்டியின் கதை என்னாயிற்று? தேடியஸ் காஹில் என்னும் அமெரிக்கர், 1897-ஆம் ஆண்டில் சுழலும் மின்னாக்கிகளிலிருந்து இசையெழுப்பும் முறைக்கு உரிமை பெற்று, ஏறக்குறைய 200 டன் எடையுள்ள பெருவாத்தியத்தை 1906-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நிறுவி, டெலிபோன் கம்பிகளின் வழியே இசையை விற்றார். 1920-ஆம் ஆண்டளவில் ருஷ்ய நாட்டுத் தெரமின், வெற்றிடக் குழாய்களைக் கொண்டு, கையால் தொடாமலே இசைக்கும் வாத்தியத்தைக் கண்டார். 1935-ஆம் ஆண்டில் ஹாமண்டின் மின் ஆர்கன் விற்பனைக்கு வந்தது. அதன்பின் டிரான்சிஸ்டரும் அதனினும் சிறிய மின்னணுச் சில்லும் வந்தன. இன்று நம் மேடையில் இருக்கும் சுருதிப் பெட்டியும் அக்குடும்பத்துப் பிள்ளையே. எஃகு நாக்கு போயிற்று, பெட்டி சுருங்கிற்று. ஆயினும் மின்னோட்டத்தை ஸ்வரத்தின் கணக்கில் துடிக்கச் செய்து அதனை ஒலியாக்குதல் என்னும் அடிப்படை, கிரேயின் வாத்தியத்தில் இருந்ததே.

கிரே எதிர்பார்த்த தந்தியோ ஒவ்வொரு நாட்டிலும் மறைந்து வருகிறது. நம் நாட்டிலும் 2013-ஆம் ஆண்டு ஜூலையில் பொதுமக்களுக்கான தந்திச் சேவை நின்றுவிட்டது. எது பணம் தரும் பயிர் என்று அவர் நம்பினாரோ அது பட்டுப்போயிற்று. எதனை வரப்பில் முளைத்த செடியாக எண்ணி விட்டாரோ அது ஆலமரமாயிற்று. கைப்பொருளின் மதிப்பை அதனை உடையவரே அறியாதிருத்தல் உலகத்து இயல்பு போலும்.

ஆதலின், அன்பர்களே, 39-ஆவது பதிவாக நின்றவர் என்று மட்டும் எலிஷா கிரேயை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டா. தச்சு வேலை செய்து படித்தவர் என்றும், பிள்ளை விளையாட்டில் எழுந்த ஒலியைக் கேட்டு நின்றவர் என்றும், மின்சாரத்தைப் பாட வைத்தவர் என்றும் சொல்வோமாக. வரவேட்டில் எண் இடுவது எழுத்தரின் கடமை. அந்த எண்ணைக் கொண்டே மனிதரை எடை போடாதிருத்தல் நம் கடமையன்றோ!